நம்பர் எதற்கு?

பெரிய கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்தப் பேச்சை எடுத்தாலே நண்பர்கள் சிலருக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருளைப் பற்றி எழுது, அரசாங்கம் யார் யார் போனை ஒட்டுக்கேட்கிறது என்று எழுது, துணிக்கடையில் நம்பர் கேட்பதெல்லாம் ஒரு விஷயமா என்கிறார்கள். எனக்கு அதுதான் விஷயம். பெகாசஸ் பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியல்வாதி என்று குறிப்பிட்ட சிலரைத் தேடி வந்தது. கல்லாவில் கேட்கப்படும் இந்தக் கேள்வி ஒரு சோப்பு வாங்க வந்தவரைக்கூட விடுவதில்லை. நாமும் ஏன் என்று கேட்காமல் பதில் சொல்லிப் பழகிவிட்டோம்.

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "நம்பர் தர்றீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. "நம்பர் சொல்லுங்க சார்." அவ்வளவுதான். கண் திரையிலும் விரல் கீபோர்டிலும் இருக்கும். நாமும் பர்ஸைத் தேடிக்கொண்டே நைன், எய்ட், ஃபோர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சரியாக அடித்தோமா என்று பார்க்க பில் போடுகிறவர் அதைத் திரும்பச் சத்தமாகச் சொல்கிறார். பழைய வாடிக்கையாளர் என்றால் திரையில் பெயர் வந்துவிடும், அதையும் வாய்விட்டுப் படித்து "இதானே மேடம்?" என்கிறார். பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் பெயரும் பத்து இலக்கமும் விழுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்கள் சிலர் நம்பரை வாயால் சொல்லாமல் போனில் அடித்துத் திரையைத் திருப்பிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட வழி. ஒரு சுடிதார் வாங்கப் போன இடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஜாக்கிரதை தேவைப்படுகிறது என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும்? "நம்பர் போடலன்னா பில் வராது சார்" என்பார்கள். இரண்டாம் முறை பொறுமையாக, "எனக்கு பாயிண்ட்ஸ் எதுவும் வேண்டாம்மா, அப்படியே போடுங்க" என்றால் சூப்பர்வைசர் வருவார், பத்து ஒன்பதை வரிசையாகத் தட்டுவார், அல்லது கடையின் நம்பரையே போடுவார், பில் வந்துவிடும். ஆக, பில்லுக்கு நம்பர் தேவையில்லை. அது கடைக்குத்தான் தேவை. இதில் பில் போடுகிற பெண்ணிடம் கோபப்படுவதில் அர்த்தமே இல்லை. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண் அவர். கடை ஊழியர்கள் உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை நம்பர் வாங்கியாக வேண்டும் என்று மேலே இருப்பவர் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதம் இதைப் பற்றிப் பேசியது. நம்பர் கொடுத்தால்தான் பொருள் தருவோம் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது, அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று வணிக அமைப்புகளுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், அபராதம் கிடையாது. அதனால் கடைகளில் இன்றுவரை ஒன்றும் மாறவில்லை.

சரி, பத்து இலக்கம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். உங்கள் போனில் இருக்கிற ஏதாவது ஒரு யுபிஐ செயலியைத் திறந்து உங்கள் நம்பரையே போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம், வங்கிக் கணக்கில் இருக்கிற பெயர் இனிஷியலோடு வந்து நிற்கும். பணம் தப்பான ஆளுக்குப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான், நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரிசையில் பின்னால் நின்றவருக்கும் அதே பெயர் தெரியும். அப்புறம் அந்த நம்பரைத் தன் போனில் சேமித்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், நீங்கள் அமைப்பை மாற்றி வைக்காத வரை, முகமும் தெரியும், பல பேர் விஷயத்தில் மடியில் இருக்கிற குழந்தையின் முகமும் சேர்ந்தே தெரியும். வியன்னா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். எந்தெந்த நம்பரில் வாட்ஸ்அப் இருக்கிறது என்று மணிக்கு 10 கோடிக்கும் மேல் நம்பர்களைச் சோதித்து, உலகம் முழுக்க 350 கோடிக் கணக்குகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2025 நவம்பரில் அது வெளியே வந்தது. அவர்கள் சொன்ன பிறகுதான் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம் அந்த வேகத்துக்குத் தடை போட்டது. அவர்கள் நல்லவர்கள், சேர்த்த தகவலை அழித்துவிட்டார்கள். அதே வழியை வேறு யாரும் அதற்கு முன் பயன்படுத்தியிருந்தால் அவர்கள் வந்து நம்மிடம் சொல்லப் போவதில்லை.

ட்ரூகாலரை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் பெயரைக் காட்டுகிறது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அந்தச் செயலியைத் தன் வாழ்நாளில் தொட்டே பார்க்காதவர் பெயரையும் அது காட்டும். யாரோ ஒருவர் தன் போனில் உங்களை எப்படிக் குறித்து வைத்தாரோ அந்தப் பெயரிலேயே ஊருக்குத் தெரிவீர்கள், "கேஸ் கம்பெனி குமார்" என்றோ "மாடி வீட்டு அக்கா" என்றோ. நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நம் நம்பர் நம் கையில் மட்டும் இல்லை. நம்மைத் தெரிந்த ஒவ்வொருவர் போனிலும் இருக்கிறது. இதனால்தான் "எனக்கு மறைக்க எதுவும் இல்லை" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உங்கள் போன் புத்தகத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு மறைக்க ஏதாவது இருக்கலாம். அவர்கள் சார்பில் நீங்கள் அனுமதி கொடுக்க முடியாது.

இந்த நம்பர் ஏன் இவ்வளவு சக்தி வாய்ந்ததாக ஆனது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் சிம் மாற்றுவது சட்டை மாற்றுவது போல இருந்தது, ஆஃபர் எதில் வருகிறதோ அதற்குத் தாவினோம். 2017 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, எல்லாச் சிம்மையும் ஆதாரோடு இணைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று. கடை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு சின்னக் கைரேகைக் கருவியை வைத்துக்கொண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? ரேகை பதியவில்லை என்றால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிம்முக்குத்தான் விரல் வைக்கிறோம் என்று நினைத்த பலருக்கு ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் அவர்களுக்கே தெரியாமல் கணக்குத் திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் பழைய வங்கிக் கணக்குக்கு வராமல் அந்தப் புதுக் கணக்குக்குப் போய்விட்டது. 23 லட்சம் பேருக்கு மேல், 47 கோடி ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் ஏர்டெலின் மின்னணுச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையையே செல்லாது என்று சொன்னது. அதற்குள் பெரும்பாலானோர் இணைத்து முடித்துவிட்டார்கள். இன்றைக்கு வங்கி, கேஸ், ரேஷன், வருமான வரி, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அதே நம்பருக்குத்தான். பெயர் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும், முகவரி மாறும். நம்பர் மட்டும் வேறு யாருக்கும் இருக்காது, வருடக்கணக்கில் மாறாமல் இருக்கிறது. தனித்தனியாகக் கிடக்கும் தகவல்களை ஒன்றாகக் கோர்க்க இதைவிட வசதியான நூல் இல்லை.

துணிக்கடையில் கொடுத்த நம்பர், மருந்துக்கடையில் கொடுத்த நம்பர், ஹோட்டலில் கொடுத்த நம்பர் மூன்றும் ஒன்றுதான். மருந்துக்கடைப் பட்டியல் ஒன்று போதும், வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், யார் கர்ப்பப் பரிசோதனைக் கருவி வாங்கினார் என்று சொல்லிவிடலாம். கடைகள் இந்த நம்பர் பட்டியலை அப்படியே கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் ஏற்றி, "இவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டு" என்று சொல்ல முடியும். அதற்கென்றே அந்த நிறுவனங்கள் வசதி செய்து வைத்திருக்கின்றன. ஏற்றுவதற்கு முன் நம்பரை ஹாஷ் செய்து, அதாவது அடையாளம் தெரியாத ஒரு நீளக் குறியீடாக மாற்றித்தான் அனுப்புகிறோம், அதனால் பாதுகாப்பு என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும், அப்படியானால் மொத்தமே 400 கோடி எண்கள்தான் சாத்தியம். அத்தனைக்கும் அந்தக் குறியீட்டைப் போட்டு அட்டவணை தயாரிக்க ஒரு நல்ல கம்ப்யூட்டருக்குச் சில நிமிடம் போதும். ஆக, குறியீட்டிலிருந்து நம்பரைத் திரும்ப எடுப்பது பெரிய வித்தையே இல்லை.

எடுக்கிறவர் கடைக்காரராகவே இருந்தாலாவது பரவாயில்லை. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட், அதாவது கேட்டதற்குத் தானாகவே பதில் தரும் நிரல், வந்தது நினைவிருக்கும். கோவிட் தடுப்பூசிக்குப் பதிவு செய்த நம்பரைக் கொடுத்தால், அந்த நம்பரில் யார் யார் பதிவு செய்தார்களோ அத்தனை பேரின் பெயர், பிறந்த தேதி, காட்டிய ஆதார் அல்லது பாஸ்போர்ட்டின் எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து கொட்டியது. நம் வீடுகளில் ஒரே ஒரு நம்பரில்தான் அப்பா, அம்மா, பாட்டி எல்லோரையும் பதிவு செய்தோம். குடும்பமே ஒரு நம்பருக்குப் பின்னால் இருந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்று சுகாதார அமைச்சகம் மறுத்தது, பிறகு பீகாரில் ஒருவர் கைதானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனம். மறுபடியும் டெலிகிராம், மறுபடியும் பாட். இந்த முறை வெளியே வந்தவற்றில் க்ளெய்முக்காக மக்கள் கொடுத்த மருத்துவ அறிக்கைகளும் இருந்தன, பச்சைக் குழந்தைக்குச் செய்த சிகிச்சையின் காகிதங்கள் உட்பட. 3.1 கோடி வாடிக்கையாளர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாக அதை வெளியிட்டவர் சொன்னார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராம் மீதும் அந்த நபர் மீதும் வழக்குப் போட்டது. ஆனால் கசிந்த பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், நோயை எப்படி மாற்றிக்கொள்வது?

பணம் பறிக்கும் கும்பல்கள் போன் செய்து, உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ அழைப்பை விட்டு நகரக் கூடாது என்று வயதானவர்களை நாள்கணக்கில் மிரட்டி வைத்திருக்கிற கதைகளைச் செய்தித்தாளில் படிக்கிறோம். படித்தவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். அழைத்தவனுக்கு முழுப் பெயரும் முகவரியும் ஆதாரின் சில இலக்கங்களும் தெரிந்திருந்தால், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் அவனைப் போலீஸ் என்று நம்பத்தான் செய்வார். தகவல் எங்கிருந்து போனது என்பதை விட்டுவிட்டு, ஏமாந்தவரின் புத்தியைக் குறை சொல்வதை நிறுத்த வேண்டும்.

ரீசார்ஜ் கடை நோட்டுகளையும் சொல்லியாக வேண்டும். நீளமான கணக்கு நோட்டு, நூலில் கட்டித் தொங்கும் பேனா, ஒரு வரியில் நம்பர், பக்கத்தில் தொகை. அடுத்து வருகிறவர் தன் நம்பரை எழுதும்போது மேலே இருக்கிற பத்து நம்பரையும் படிக்கலாம். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் நம்பர்கள் காசுக்கு விற்கப்பட்டதைப் பத்திரிகைகள் எழுதின. எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை. நம் ஊரில் பெண்கள் பலர் அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லி ரீசார்ஜ் செய்துகொண்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஆட்டோவுக்கு யுபிஐயில் காசு கொடுத்தால் பலருக்கு ஐடியே போன் நம்பர்தான், கொடுத்த கையோடு நம்பரும் போய்விடுகிறது. இரவில் "ஹாய்" வந்த பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொரு ஆபத்து, நம்பரை விட்டுவிட்டாலும் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரை நிறுவனம் துண்டித்து, குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2023-இல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது. இறந்துபோன அப்பாவின் சிம்மை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு மறந்துபோகிற வீடுகள் எத்தனை! அந்த நம்பரில் அவருடைய வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி., மின்சார வாரிய இணைப்பு எல்லாம் இருக்கும். சில மாதத்தில் அந்த ஓடிபி யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போகும். முதலில் எல்லா இடத்திலும் நம்பரை மாற்றுங்கள், பிறகு சிம்மை விடுங்கள். அதுவரை மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு உயிரோடு வையுங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதிலிருந்துதான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு ஆண்டு கழித்து 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகளுக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம். அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் என்பது பெரிதுதான். ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்தவர்கள், அதே சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கை வைத்ததை மட்டும் உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தனிப்பட்ட தகவல் என்றால் கொடுக்க வேண்டியதில்லை என்று அதிலிருந்த ஒரு பிரிவு சுருக்கப்பட்டுவிட்டது. இங்கே எனக்கு 1994-இல் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஞாபகத்துக்கு வரும். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் இருந்து எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனது, போலீஸ் அதிகாரிகளோடு தனக்கு இருந்த தொடர்பை அதில் எழுதியிருந்தார் என்பதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. குடிமக்களுக்குத் தனியாக விடப்படும் உரிமை உண்டு, ஆனால் அதிகாரிகள் தங்கள் பதவியில் செய்த காரியங்களை அந்த உரிமையைக் காட்டி மூடிக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. முப்பது வருடத்துக்கு முன் இவ்வளவு தெளிவாகச் சொல்லியாயிற்று. இப்போது என் நம்பர் துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் தெரியும், ஒரு அதிகாரியைப் பற்றி நான் கேட்டால் அது தனிப்பட்ட தகவல் என்று பதில் வரலாம். இது தலைகீழ்.

அரசின் போக்கும் நம்பரை இன்னும் இறுக்கிக் கட்டுவதாகவே இருக்கிறது. 2025 நவம்பரில், புது போன்கள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி என்ற அரசின் செயலியை முன்கூட்டியே ஏற்றித்தர வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போனது. விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு வந்ததும் இரண்டொரு நாளில் திரும்பப் பெற்றார்கள். எதிர்த்துக் கேட்டால் நடக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதே மாதக் கடைசியில் வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்றவை, பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்றும் ஓர் உத்தரவு. மோசடியைத் தடுக்கத்தான் என்கிறார்கள். மோசடிக்காரனுக்கு அடுத்தவர் பெயரில் சிம் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பிடிக்காமல், ஒவ்வொருவர் பேச்சையும் ஒரு நம்பரோடு முடிச்சுப் போடுவதால் மோசடி எவ்வளவு குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம்.

என் வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்பவர்களுக்கு: கடைகளுக்கும் டெலிவரிக்கும் தனியாக ஒரு நம்பர், அதில் வங்கி எதுவும் இல்லை. யுபிஐ ஐடியில் போன் நம்பர் வராதபடி வேறு ஐடி உருவாக்கிக்கொண்டோம், பல செயலிகளில் அதற்கு வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும். லாட்ஜில் ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார், ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது சிம்முக்கு மாதாமாதம் காசு கட்ட எல்லோராலும் முடியாது. காசு இருப்பவருக்கு மட்டும் அந்தரங்கம் என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் கடைகளின் பில்லிங் மென்பொருளில் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டாலும் அடுத்த திரைக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி வேண்டும் என்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது பத்து நிமிட வேலை. 2023-இல் அனுப்பிய அறிவுரையைக் கட்டாய விதியாக மாற்றச் சொல்லி நுகர்வோர் அமைப்புகள் கேட்க வேண்டும். நீங்கள் தனியாளாகச் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. நம்பர் தராததால் பொருள் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். கடையின் பெயர், கிளை, நேரம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பில் போட்ட பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டாம்.